எந்நாட்டவர் என்னும் வினா: மலாயாவில் தொழில் அனுமதி வளர்ந்த வரலாறு

வேலை தேடி ஒரு நாட்டின் வாயிலில் வந்து நிற்கும் மனிதனிடம் இரண்டு வினாக்கள் கேட்கப்படுகின்றன. 'உனக்கு என்ன தொழில் தெரியும்?' என்பது ஒன்று. 'நீ எந்நாட்டவன்?' என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு உரிய விடையை அவன் தன் உழைப்பாலும் கல்வியாலும் தேடிக் கொள்ளலாம். இரண்டாம் வினாவிற்கு உரிய விடையோ அவன் பிறந்த இடத்தாலும் அரசுகள் வகுத்த எல்லைகளாலும் அமைந்து விடுகிறது. தொழில் அனுமதி வழங்குங்கால் அரசுகள் திறமையை மட்டும் நோக்குகின்றனவா, அன்றி நாட்டுரிமையையும் நிறுத்துப் பார்க்கின்றனவா என்பது இக்காலத்தில் பலரும் எழுப்பும் ஐயம். ஆட்களை அமர்த்த விரும்பும் முதலாளிகளும் இதனைக் கேட்கின்றனர். வேலை நாடும் இளைஞரும் கேட்கின்றனர்.

இவ்வையத்திற்கு விடை காண வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. மலாயாவின் வரலாறே இதற்கு விரிவான விடை தருகிறது. இந்நாட்டில் பால் மரம் சீவிய தமிழ்த் தொழிலாளி ஒருமுறை நாட்டுரிமையால் சலுகை பெற்றான். பிறிதொருமுறை அதே நாட்டுரிமையால் வேலை இழந்தான். இவ்விரு நிலைகளுக்கும் இடையே அவனது கைத்திறன் குன்றவில்லை; அவன் இருந்த தோட்டமும் மாறவில்லை. மாறியது சட்டம் ஒன்றே. அம்மாற்றம் நிகழ்ந்த முறையைப் படிப்படியாக ஆராய்தல் பயனுடையது.

பேரரசின் குடிமக்கள்

1786ஆம் ஆண்டில் பினாங்கில் ஆங்கிலேயர் கொடி ஏறியது. பின்னர்ப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பெயரில் ஒன்றாயின. 1867ஆம் ஆண்டு வரை இவை இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சியின் மேற்பார்வையிலேயே இருந்தன. ஆதலின், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழன் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குச் சென்றவனாகக் கருதப்படவில்லை. 1867இல் இக்குடியேற்றங்கள் இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு அமைச்சின் நேரடி ஆட்சிக்கு மாறிய பின்னரும், சென்னை மாகாணத்துத் தமிழன் பிரிட்டிஷ் பேரரசின் குடிமகன் என்ற நிலை நீடித்தது.

கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொணர்ந்த முறை 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவன் துரையிடம் உரிமச் சீட்டுப் பெற்றுத் தன் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவான். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்னும் நிதி ஏற்படுத்தப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் இதற்குத் தீர்வை செலுத்தினர். கப்பல் கட்டணமும் வழிச் செலவும் இந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டமையால், தொழிலாளி கடன் சுமையின்றிக் கரையிறங்க வழி பிறந்தது. பின்னர் இது இந்தியக் குடியேற்ற நிதி எனப் பெயர் மாறியது.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். நிதியின் பெயரிலேயே ஓர் இனத்தாரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இரப்பருக்குத் தென்னிந்தியர், ஈயச் சுரங்கத்திற்குச் சீனர், இரயில்வேக்கும் எழுத்தர் பணிக்கும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் என்று வேலைகள் பெரும்பாலும் பிறந்த நாட்டின்படியே பகுக்கப்பட்டன. தொழில் அனுமதிச் சீட்டு என்ற தாள் தோன்றுவதற்கு முன்பே, எந்நாட்டவனுக்கு எவ்வேலை என்னும் கணக்கு முதலாளிகளின் மனத்தில் தோன்றிவிட்டது.

அயலார் யார்?

நாட்டுரிமையைக் கொண்டு நுழைவைத் தடுக்கும் சட்டம் மலாயாவில் 1928ஆம் ஆண்டில் முதலில் உருவாயிற்று. குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். உலகப் பொருளாதார மந்தம் வந்து, இரப்பரும் ஈயமும் விலை வீழ்ந்து, வேலையின்மை பெருகியபோது, 1930 ஆகஸ்டு முதல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. சீனாவிலிருந்து வரும் வயதுவந்த ஆண் தொழிலாளர் மாதம் இத்தனை பேர்தாம் இறங்கலாம் என அளவு விதிக்கப்பட்டது. முதலில் ஏறக்குறைய 6,000 என்றிருந்த அவ்வளவு பின்னர்ப் பெரிதும் குறைக்கப்பட்டது.

1933இல் அயலார் சட்டம் வந்தது. இச்சட்டத்தில் 'அயலார்' என்ற சொல்லே ஆணிவேர். பிரிட்டிஷ் குடிமக்களும் பிரிட்டிஷ் பாதுகாப்பிற்குட்பட்டவர்களும் அயலாராக எண்ணப்படவில்லை. ஆகவே, அமோயிலிருந்து வந்த சீனத் தொழிலாளி அயலான். தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளி அயலானல்லன். இருவரும் கடல் கடந்தே வந்தனர். இருவரும் கைத்தொழிலையே நம்பி வந்தனர். எனினும், ஒருவன் எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டியவனாகவும், மற்றவன் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவனாகவும் நின்றனர். நாட்டுரிமை தொழில் வாய்ப்பைப் பாதிக்கிறதா என்ற வினாவிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்வளவு விதிப்பில் ஒரு விலக்கும் இருந்தது. சீனப் பெண்டிர்க்குத் தொடக்கத்தில் வரம்பு விதிக்கப்படவில்லை. அதனால் 1930களில் குவாங்தோங் மாநிலத்துப் பெண்கள் பெருந்தொகையினராக வந்தனர். சிவப்புத் துணியைத் தலையில் கட்டிச் சிங்கப்பூரின் கட்டட வேலைகளில் மண் சுமந்த சாம்சூய் மாதர் அவர்களுள் அடங்குவர். 1938 மே மாதத்தில் அவர்களுக்கும் வரம்பு வந்தது. சட்டம் ஒரு வாயிலை அடைக்கும்போது, மக்கள் திறந்திருக்கும் மற்றொரு வாயிலைத் தேடி நடப்பர் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தமிழனுக்குக் கிடைத்த சலுகை முழுமையானதென்று எண்ணிவிடலாகாது. சட்டம் அவனைத் தடுக்கவில்லையாயினும், வேலை குறைந்தபோது அவனுக்குரிய கப்பற்செலவு உதவி நிறுத்தப்பட்டது. 1930 முதல் சில ஆண்டுகளுக்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை தேறிய பின், 1934இல் மீண்டும் ஆளெடுப்புத் தொடங்கிற்று. வரவேற்கும் கையே வழியனுப்பும் கையாகவும் இருந்தது. குடிமகன் என்ற பெயர் அவனுக்குக் கப்பலேறும் உரிமையைத் தந்தது. தங்கும் உரிமையை உறுதி செய்யவில்லை.

அனுப்பும் நாட்டின் கை

தொழில் அனுமதி என்பது ஏற்கும் நாடு மட்டும் முடிவு செய்வதன்று. அனுப்பும் நாடும் ஒரு பூட்டுப் போடலாம். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இவ்வதிகாரத்தை இந்திய அரசுக்கு அளித்தது. எந்நாட்டிற்கு, எந்நிபந்தனையின் பேரில் கைத்திறனற்ற தொழிலாளர் செல்லலாம் என்பதை இந்திய அரசு அறிவிக்கும் நிலை உண்டாயிற்று. மலாயாவில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டுத் தொழிலாளரின் குறைகளைக் கேட்கலானார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்கள் பார்வையிடப்பட்டனர்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவிற்கு வந்து இந்தியத் தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். அவரது அறிக்கை 1937இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் தோட்டத் துரைமார் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. 1938 ஜூன் 15ஆம் நாள் முதல், பிறர் செலவில் மலாயாவிற்குச் செல்லும் கைத்திறனற்ற தொழிலாளரின் பயணத்தை இந்திய அரசு தடை செய்தது. கங்காணியின் காலம் அன்றோடு முடிந்தது.

இத்தடையின் பொருள் ஆழமானது. அதுவரை நாட்டுரிமை என்பது ஏற்கும் நாட்டின் அளவுகோலாகவே இருந்தது. இப்போது அனுப்பும் நாடு தன் மக்களின் கூலிக்காகவும் மதிப்பிற்காகவும் அதே அளவுகோலைக் கையில் எடுத்தது. தன் குடிமக்கள் மலிவாக நடத்தப்படுவரேல், அவர்களை அனுப்ப மறுப்பதும் ஓர் அரசின் கடமையே. ஆனால், ஏற்கெனவே மலாயாவில் இருந்தவர்களுக்கு இத்தடையால் வேறொரு விளைவும் நேர்ந்தது. புதியவர் வரவு நின்றது. இருந்தவர்கள் நிலையாகத் தங்கத் தலைப்பட்டனர். தோட்டத்திலேயே பிள்ளைகள் பிறந்தனர். தோட்டப் பள்ளிகளில் எழுத்தறிந்தனர். வந்துபோகும் கூட்டமாக இருந்த மக்கள் ஒரு குடியாக மாறினர்.

1953ஆம் ஆண்டின் வாயில்

போர் முடிந்து, 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு அமைந்தது. பேரரசுக் குடிமகன் என்ற பழைய குடை மெல்ல மடங்கலாயிற்று. 1953 ஆகஸ்டு முதல் நாள் புதிய குடிநுழைவுச் சட்டம் கூட்டரசிலும் சிங்கப்பூரிலும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தங்குதடையின்றி வந்துபோன இந்தியரும் அன்றுமுதல் வாயிலில் நிறுத்தப்பட்டனர்.

இந்நாட்டின் வணிகத்தையும் தொழிலையும் வளர்க்க வல்லவர், உள்ளூரில் கிடைக்காத தனித்திறன் உடையவர், ஏற்கெனவே இங்கு வாழ்பவர்களின் மனைவி மக்கள் முதலிய சில வகையினர்க்கே நுழைவு என்று அச்சட்டத்தின் நடைமுறை அமைந்தது. ஈண்டுத் திறமை என்னும் அளவுகோல் முதன்முறையாகத் தெளிவான வடிவம் பெறுவதைக் காணலாம். ஆயினும், திறமை பற்றிய வினா அயல்நாட்டவனிடம் மட்டுமே கேட்கப்பட்டது. குடிமகனிடம் அவ்வினா எழவில்லை. ஆகவே திறமை முதல் வாயிலன்று. நாட்டுரிமை என்னும் வாயிலைக் கடக்க இயலாதவனுக்கு வைக்கப்பட்ட இரண்டாம் வாயிலே அது.

குடியுரிமைத் தாள்

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. மெர்டேக்கா நாளன்றும் அதன் பின்னரும் இந்நாட்டில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடியுரிமை பெறும் என அரசியலமைப்பு வகுத்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பிறப்பு மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. மெர்டேக்காவிற்கு முன் பிறந்தவர்களும், வெளியிலிருந்து வந்து நெடுங்காலம் வாழ்ந்தவர்களும் விண்ணப்பித்துப் பதிந்து கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு வாழ்ந்த காலத்தையும் நன்னடத்தையையும் மெய்ப்பிக்க வேண்டும்; மலாய் மொழியில் தொடக்க அறிவும் வேண்டும். இந்நாட்டில் பிறந்து, மெர்டேக்காவிற்குப் பின் ஓராண்டிற்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மொழிபற்றிய நிபந்தனை தளர்த்தப்பட்டது.

அவ்வோராண்டு எத்துணை அருமையான காலம் என்பதைத் தோட்டத்து மக்களுள் பலர் உணரவில்லை. அதற்குக் காரணங்கள் பல. படிப்பறிவு குறைவு. பதிவு அலுவலகம் நகரில். தோட்டமோ செம்மண் பாதையின் முடிவில். ஒரு நாள் அலுவலகம் செல்வதென்றால் ஒரு நாட் கூலி போயிற்று. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று எடுக்கப்படாமலும், எடுத்தது காணாமலும் போனதுண்டு. ஊரில் நிலபுலம் உண்டு, என்றேனும் திரும்புவோம் என்ற நினைவும் சிலரைத் தயங்க வைத்தது. சிவப்பு அடையாள அட்டையைக் கையில் வைத்துக் கொண்டே பல்லாண்டு வேலை செய்ய முடிந்தமையால், நீல அட்டையின் அருமை தெரியவில்லை. தாள் இல்லாமலே பிழைக்க முடிந்த காலத்தில் தாளை நாடுவார் சிலரே.

அதே காலத்தில் மற்றோர் இடர் சூழ்ந்தது. வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று பெயர் பெற்ற இந்நிகழ்ச்சியால் பல குடும்பங்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்தன. வேலைக்கு ஆள் மிகுதி, இடம் குறைவு என்ற நிலை வந்தவிடத்து, 'யார் குடிமகன்?' என்னும் வினா வலுப்பெறுவது எங்கும் இயல்பு.

வேலை பெர்மிட்டு

1968ஆம் ஆண்டில் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. குடிமகனல்லாதவன் குறிப்பிட்ட தொழில்களில் வேலை செய்ய வேண்டுமாயின் அவனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்; சீட்டில்லாதவனை அமர்த்துதல் முதலாளிக்குக் குற்றம் என்பது அதன் சாரம். 1969 மே 13 நிகழ்ச்சிகளுக்குப் பின் அச்சட்டம் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டது. நாட்டில் வேலையின்மை அந்நாளில் 8 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. குடிமக்களுக்கு முதலில் வேலை என்னும் கொள்கையை எந்த அரசும் தவறென்று தள்ளிவிடாது. ஆயினும் அக்கொள்கை யார்மேல் விழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அண்மையில் கப்பலிறங்கியவர்களல்லர். 1938க்குப் பின் கங்காணி வழியாக ஒருவரும் வரவில்லை; 1953க்குப் பின் கைத்திறனற்ற தொழிலாளர்க்கு வாயில் மூடியிருந்தது. ஆதலின் 1969இல் சிவப்பு அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் குறைந்தது பதினைந்து ஆண்டுகள், பலர் முப்பது ஆண்டுகளுக்கு மேல், இம்மண்ணில் உழைத்தவர்களாகவே இருத்தல் கூடும். ஒரே வீட்டில் தந்தை அயல்நாட்டவன். மெர்டேக்காவிற்குப் பின் பிறந்த மகன் குடிமகன். தந்தை வேலை செய்யச் சீட்டு வேண்டும். மகன் வளர்ந்தால் சீட்டு வேண்டா. சட்டம் கேட்டது நாட்டை, ஆண்டுகளையன்று. இம்மண்ணில் எத்தனை ஆண்டு வியர்வை சிந்தினாய் என்ற வினா அச்சீட்டில் கேட்கப்படவில்லை.

இதன் விளைவாக ஏறக்குறைய 60,000 இந்தியர் இந்நாட்டை விட்டுத் தாயகம் சென்றனர் என ஆய்வாளர் குறிப்பர். 'தாயகம்' என்ற சொல்லும் ஈண்டு முழுப்பொருள் தரவில்லை. இளமையில் விட்டு வந்த ஊர், பெயரளவில் அறிந்த உறவினர், வேறு தொழில், வேறு கூலி. மனைவி மக்கள் உடன் செல்வதா, பிள்ளைகளின் குடியுரிமையைக் காத்து இங்கேயே விட்டுச் செல்வதா என்னும் தடுமாற்றம் வேறு. ஒரு தலைமுறைக்கு முன் வேலைக்கென அழைத்து வந்த கப்பல்கள் சென்ற அதே கடல் வழியே அவர்கள் மீண்டனர்.

இவ்வரலாற்றில் பின்னர் வந்த ஓர் ஏடும் உண்டு. 1980களில் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1984ஆம் ஆண்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் ஓர் உடன்பாடு செய்து கொண்டன. தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இந்தோனேசியத் தொழிலாளரைக் கொணர அவ்வுடன்பாடு வழிவகுத்தது. பழகிய கைகள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சீட்டின்றி வெளியேறின. பழகாத புதிய கைகள் சீட்டுடன் உள்ளே வந்தன. தொழிலின் தேவையும் சட்டத்தின் நோக்கும் ஒரே காலத்தில் ஒத்துச் செல்வதில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று காண்டல் அரிது.

எல்லை நகர்ந்த கதை

சிங்கப்பூரில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை ஜொகூரிலிருந்து பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்றவன் ஒரு நாட்டிற்குள்ளேயே சென்று வந்தான். பிரிவிற்குப் பின் அவன் அயல்நாட்டுத் தொழிலாளியானான். அவன் நகரவில்லை, எல்லை நகர்ந்தது. அவ்வாண்டிலேயே சிங்கப்பூர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிக் குடிமக்களல்லாதார்க்குத் தொழில் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 1968இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை விலக்கிக் கொள்வதாக அறிவித்தபோது, வேலையிழப்பு அச்சம் இக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது.

ஆனால், 1970களில் தொழிற்சாலைகள் பெருகவே, சிங்கப்பூருக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். முதலில் மலேசியர்களுக்கு வாயில் அகலத் திறந்தது. அவர்களும் போதாமற் போகவே, 1970களின் இறுதியில் இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்தும் ஆட்களைக் கொணர இசைவளிக்கப்பட்டது. மலேசியாவை மரபுவழி ஆள் தரும் நாடு என்றும், ஏனையவற்றை மரபுவழி சாராத நாடுகள் என்றும் பகுக்கும் வழக்கம் அக்காலத்ததே.

இக்கால விதிகள்

அப்பகுப்பு மறைந்துவிடவில்லை. சிங்கப்பூரின் ஒர்க் பெர்மிட் விதிகளில் எந்தத் துறைக்கு எந்நாட்டவர் என்னும் பட்டியல் உண்டு. கட்டுமானத் துறையிலும் கப்பல் கட்டும் துறையிலும் இந்தியரும் பங்களாதேஷியரும் வேலை செய்யலாம். உற்பத்தித் துறையிலும் சேவைத் துறையிலும் அவ்வாய்ப்பு அவர்களுக்கு நெடுங்காலம் இல்லை. 2023 செப்டம்பர் முதல் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் அத்தடை தளர்ந்தது. இந்திய உணவகங்களில் சமையற்காரர் வேலை அவற்றுள் ஒன்று. தோசை வார்க்கும் கை தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தும், நாட்டின் பெயர் பட்டியலில் ஏறிய பின்னரே அக்கை ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் உணவகத்து அடுப்பை அணுக முடிந்தது.

உயர்கல்வி பெற்றோருக்குரிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வேறு வகையானது. அதற்கு நாட்டுப் பட்டியல் கிடையாது. ஆயினும் 2023 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்கு காம்பஸ் என்னும் புள்ளிமுறை வந்தது. சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் நாட்டினப் பன்மை, உள்ளூரார்க்கு அந்நிறுவனம் தரும் வேலைவாய்ப்பு என்னும் நான்கும் அடிப்படை அளவைகள். தேர்ச்சிக்கு 40 புள்ளி வேண்டும். விண்ணப்பிப்பவரின் நாட்டினர் அந்நிறுவனத்தின் உயர்நிலைப் பணியாளருள் 5 விழுக்காட்டிற்குக் குறைவாயின் 20 புள்ளி, 25 விழுக்காட்டை எட்டினாலோ மிஞ்சினாலோ புள்ளி ஒன்றுமில்லை, இடைப்பட்டதாயின் 10. இத்தகைய பணியாளர் 25 பேருக்கும் குறைவாக உள்ள சிறு நிறுவனங்களுக்கு இவ்வளவையில் 10 புள்ளி தானாகவே கிடைக்கும்.

இதன் உட்பொருளை நுணுகி நோக்குதல் வேண்டும். இந்தியர் என்பதற்காக ஒருவருக்குப் புள்ளி குறைவதில்லை. இந்தியர் மலிந்த நிறுவனத்திற்கு மேலும் ஓர் இந்தியர் விண்ணப்பித்தால் குறைகிறது. அதே மனிதர், அதே பட்டம், அதே சம்பளம். வேறொரு நிறுவனத்தில் விண்ணப்பித்தால் முழுப்புள்ளி. பழைய அயலார் சட்டம் நாட்டின் வாயிலில் நின்று எண்ணியது. புதிய முறை ஒவ்வொரு நிறுவனத்தின் வாயிலிலும் நின்று எண்ணுகிறது. மேலும், ஓர் அளவையில் இழந்த புள்ளியைச் சம்பளத்தாலும் கல்வியாலும் ஈடு செய்யவும் இம்முறையில் இடமுண்டு. 1930களின் எண்ணிக்கை வரம்பில் அத்தகைய ஈடு செய்தலுக்கு இடமே இல்லை. அவ்வகையில் இது முன்னேற்றமே.

மலேசியாவிலும் அயல்நாட்டுத் தொழிலாளரை ஏற்கும் நாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அரசுகளுக்கிடையே உடன்பாடுகள் செய்யப்படுகின்றன. 2012இல் பங்களாதேஷுடன் செய்த உடன்பாடு அவற்றுள் ஒன்று. ஆள் அனுப்பும் நாட்டிற்கும் இதில் ஒரு குரல் இருக்கிறது. 1938இல் இந்திய அரசு செய்தது போன்றே, தம் மக்கள் நன்கு நடத்தப்படவில்லை எனக் கருதும் அரசுகள் ஆளனுப்புவதை நிறுத்தி வைக்கின்றன.

வரலாறு உணர்த்துவது

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, நாட்டுரிமை தொழில் அனுமதியைப் பாதிக்கவே செய்கிறது. 1930 முதல் இன்றளவும் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ அதனை அறவே நோக்காத சட்டம் இருந்ததில்லை. இரண்டாவது, அதன் எடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆள் தேவைப்படும்போது இலேசாகிறது. வேலை குறையும்போது கனக்கிறது. கைத்திறனற்ற வேலைக்கு முழுப்பூட்டாக நிற்பது, உயர்ந்த தகுதிக்கு ஓர் அளவையாகக் குறைகிறது. கல்வி உயர்ந்தால் நாட்டின் எடை குறையும் என்பது மாணவருக்கு எடுத்துரைக்கத் தக்க பாடம். மூன்றாவது, நாட்டுரிமை இயற்கையாக அமைந்த நிறமோ உருவமோ அன்று. அரசுகள் வரையும் கோடு. அக்கோடு மாறுங்கால், அசையாது நின்றவனும் வெளியே தள்ளப்படக் கூடும்.

தன் குடிமக்களின் வேலையைக் காப்பது ஓர் அரசின் உரிமை, கடமையுமாகும். புதிதாக வருவோரை எண்ணி ஏற்பதும் குற்றமன்று. ஆனால், நேற்று வந்தவனையும் முப்பது ஆண்டு உழைத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது முறையாகாது. 1969இல் நேர்ந்த தீங்கு, நாட்டை எண்ணியதால் மட்டும் விளைந்ததன்று. ஆண்டுகளை எண்ணாமையால் விளைந்தது. தொழில் அனுமதிச் சட்டம் இயற்றும் எவரும் 'நீ எந்நாட்டவன்?' என்று கேட்குமிடத்து, 'எத்தனை ஆண்டு இங்கு வாழ்ந்தாய்?' என்றும் கேட்பாராயின் அநீதி பெரிதும் குறையும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க இயலாதாரும் உளர். மலேசியாவில் பிறந்து வளர்ந்தும் பிறப்புச் சான்றோ அடையாள அட்டையோ இல்லாத தமிழர் இன்னும் இருக்கின்றனர். அத்தகைய பிள்ளைகளைப் பெரும்பாலும் முதலில் அறிய வருவது பள்ளிக்கூடமே. சேர்க்கைப் பதிவேட்டில் சான்றெண் எழுதும் இடம் வெறுமையாக இருப்பின், அது வருங்காலத்தில் ஒரு வேலை மறுக்கப்படும் இடம் என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும். பெற்றோரை அழைத்துப் பேசி, பதிவு அலுவலகத்திற்கு வழிகாட்டி, வேண்டிய தாள்களைத் தேடச் செய்வது பாடத்திட்டத்தில் இல்லாத பணி. எனினும், 1957க்குப் பின் வாய்த்த அவ்வோராண்டைத் தவறவிட்ட குடும்பங்களை நினைப்பார்க்கு அப்பணியின் அவசரம் விளங்கும். எழுத்தறிவித்தல் ஆசிரியர்க்கு உரிய அறம் என்றால், ஒரு குழந்தையின் பெயர் நாட்டின் ஏட்டில் எழுதப்பட வழி செய்வதும் அவ்வறத்தின் பாற்பட்டதே.